பாலத்து ஃபேக்டரித் தண்ணீர்

ஓடைத் தண்ணீரைப் பிடித்து வரச் சொன்னதே பேராசிரியர் ஜஸ்டஸ்தான். பிற்பாடு அவர் அதை வசதியாக மறந்துபோனார்.

கோகிலவாணி அப்போது கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. சேர்ந்த நாளிலிருந்து ஒரு மஞ்சள் பொடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பிஸ்மத்தும் வனேடியமும் சேர்ந்த பொடி. அதன் துகள்களைத் தலைமுடி ஒன்றின் குறுக்கே வரிசையாக நிறுத்தினால் ஆயிரத்துக்கு மேல் நிற்கும், அவ்வளவு பொடிசு. சாயம் கலந்த தண்ணீரில் அதைப் போட்டுப் பகலில் வைத்தால், பொடி வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு சாயத்தைப் பிய்த்துப்போடும். இந்த வேலையைச் செய்யும் வெள்ளைப் பொடிகள் முன்பே உண்டு. ஆனால் அவற்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி வேண்டும். அதற்குத் தனி விளக்கு, தனிக் கரண்டு. இவளுடைய பொடிக்குக் கல்லூரி மொட்டைமாடி வெயிலே போதும். காலையில் நீலமாக வைத்த தண்ணீர் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வெளுத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

"கடையில வாங்கின சாயத்தையே கரைச்சுக் கரைச்சு வெளுக்க வெச்சா யாரும் மதிக்க மாட்டாங்கம்மா," என்றார் ஜஸ்டஸ். "நிஜமான கழிவுத் தண்ணி கொண்டா. உங்க மலையில டீ ஃபேக்டரி ஓடை ஏதாவது இருக்குமே."

இருந்தது. கட்டபெட்டுக்குக் கீழே, அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், பாலத்து ஃபேக்டரியிலிருந்து வரும் ஓடை. ஃபேக்டரி போர்டில் வேறு பெயர். ஊர் வாயில் பாலத்து ஃபேக்டரிதான். அவளுடைய அப்பா வீரையா அங்கேதான் இலை காயவைக்கும் டிரையரில் வேலை பார்த்தார். ஓடை எப்போதும் செம்பழுப்பாக ஓடும். டீ கழுவின தண்ணீர் வேறெப்படி ஓடும் என்று யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

ஆடி மாத லீவில் வந்தவள் கேன் நிறையப் பிடித்துக்கொண்டு போனாள். கல்லூரியில் நிறம் அளக்கும் மெஷினில் வைத்தபோது கோடு கோணலாக வந்தது. டீத் தண்ணீரின் கோடு ஒரு பக்கம் உயர்ந்து தொடங்கி அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கும், வெறும் சரிவு. இதில் சரிவின் நடுவே, ஆரஞ்சுச் சாயத்துக்குரிய இடத்தில், யானை முதுகு மாதிரி ஒரு மேடு. மெஷின் கோளாறோ என்று துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே மேடு. ஹாஸ்டல் கேண்டீனில் டீத்தூள் வாங்கி வந்து காய்ச்சி வைத்துப் பார்த்தாள். மேடு இல்லை.

அது பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து கிடந்த காலம். பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று சின்னத் தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய தேயிலை ஆள் உயரத்துக்கு மரமாகிக்கொண்டிருந்தது. மலையில் ஃபேக்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. பாலத்து ஃபேக்டரி மட்டும் ஓடியது. நம்ம முதலாளி கெட்டிக்காரர் என்று லயத்தில் பெருமையடித்துக்கொண்டார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் நிறம் இப்போது கோகிலவாணியின் கண்முன் திரையில் மேடு கட்டி நின்றது. முற்றின இலை, வேறெங்கோ கழித்துப் போட்ட தூசி. அதைச் சாயத்தில் புரட்டிக் காயவைத்தால் கீழே சமவெளி டீக்கடைகளுக்கு நல்ல நிறமான தூள். கலக்கின டிரம்மைக் கழுவினால் ஓடை.

ஜஸ்டஸ் அதிர்ந்துபோவார் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவர் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"இதைவிட நல்ல கேஸ் கிடைக்குமாம்மா? சாயத்தோட பேர் முதற்கொண்டு நமக்குத் தெரியும். ஓனரைப் பிடி. ஒரு தொட்டி கட்டிக் காட்டுவோம்."

"சார், அந்தச் சாயம் டீத்தூள்ல போகுது. ஜனங்க குடிக்கிறாங்க."

"நம்ம ஆராய்ச்சி தண்ணியைப் பத்தி. டீயைப் பத்தி இல்லை. நீ கெமிஸ்டா, ஃபுட் இன்ஸ்பெக்டரா?"

அந்தக் கேள்வி அவளுக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் தொட்டி என்றதும் ஆசை விடவில்லை. அவள் பொடி நிஜமான ஓடைக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறது. கூடவே ஒரு கணக்கும் போட்டாள்: ஃபேக்டரிக்குள் நுழைந்துவிட்டால் பேசி நிறுத்தவைத்துவிடலாம். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

முதலாளி கமலேஷ் அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவன். தாத்தா காலத்தில் சமவெளியிலிருந்து மளிகைக்கடை போட மலையேறிய குடும்பம். ஆபீசில் அவளுக்கும் ஜஸ்டஸுக்கும் ஸ்ட்ராங்காக டீ வந்தது. அவள் தொடவில்லை.

"ஏனுங்க மேடம், குடிங்க. இது வேற தூளுங்க," என்றான் கமலேஷ், சிரித்துக்கொண்டே. வாய் தவறிச் சொன்னானா, வேண்டுமென்றே சொன்னானா, அவளுக்குத் தெரியவில்லை.

"ஓடையில சாயம் இருக்குங்க," என்றாள்.

"இருக்கட்டுங்க. உங்க பொடி போட்டா போயிருமாமில்லீங்க, சார் சொன்னாரு. மாசுக் கட்டுப்பாட்டுல இருந்து ஓடை கலரா ஓடுதுன்னு ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாங்க. அந்தக் கலர் போயிருச்சுன்னா நமக்கெல்லாம் நிம்மதி பாருங்க. எங்கிருந்து வந்துச்சுன்னு யாரு கேக்கப் போறாங்க?"

"நெறம் போறதும் நஞ்சு போறதும் ஒண்ணு இல்லைங்க. சாயம் ஒடைஞ்சு வேற வேற துண்டா நிக்கும். அதெல்லாம் முழுசாப் போச்சான்னு தனியாப் பாக்கணும்."

"அது அடுத்த கட்டம்," என்று ஜஸ்டஸ் குறுக்கே விழுந்தார். "முதல்ல நிறம்."

இருவரும் கைகுலுக்கிக்கொண்டதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் பொடி எதற்குத் தேவைப்படுகிறது என்று அப்போது புரிந்தது. அழுக்கைப் போக்க அல்ல. அழுக்குப் பண்ணுவது தெரியாமலிருக்க.

அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போனாள். வீரையா வாசல்படியில் உட்கார்ந்து கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் சிலோனிலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். இன்னமும் வீட்டு அறையைக் 'காம்பரா' என்றுதான் சொல்வார். உள்ளங்கையில் தோல் வெடித்து வரிவரியாகக் கிடந்தது. நகத்தின் அடியெல்லாம் ஆரஞ்சு. டீக்கறை என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். டீக்கறை ஆரஞ்சாக இருக்காது என்பது கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு எப்படித் தோன்றாமல் போனது?

"அப்பா, நீங்க டிரையர்ல இல்லயா?"

அவர் எண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"பின் ரூம்ல போட்டிருக்காங்க புள்ள. கொஞ்ச காலமாச்சு."

"அங்க என்ன வேல?"

"கலக்குற வேல."

"என்ன கலக்குறீங்கன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன?" வீரையா தலையை நிமிர்த்தினார். "சீனிப்பாகா கலக்குறேன்? துணிக்குப் போடுற சாயம். கண்ணு எரியுது, மூக்கு எரியுது, தெரியாம இருக்குமா? வேணான்னா வீட்டுல இருன்றாங்க. ஒரு லயத்துச் சனமும் அந்த ஃபேக்டரியில நிக்குது. அது மூடினா எல்லாம் எங்க போறது? நாங்க ஒருக்கா பெட்டியக் கட்டிக்கிட்டு வந்தவங்க. இன்னொருக்கா எங்க கட்டுறது?"

"கீழ அதக் குடிக்கிறவங்களும் நம்ம மாதிரி கூலிக்காரங்கதானேப்பா."

அவர் எண்ணெயை மறு கைக்குத் தடவத் தொடங்கினார். உள்ளேயிருந்து அம்மா ஆண்டாயி, "வந்ததும் வராததுமா அப்பாகிட்ட என்ன சண்ட?" என்று சத்தம் போட்டாள். கோகிலவாணிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. யார்மேல் கத்துவது என்று தெரியாததால் கோபம் இன்னும் ஏறியது. அப்பா கையைப் பார்க்கப் பார்க்க, கமலேஷின் சிரிப்பும் ஜஸ்டஸின் 'அடுத்த கட்ட'மும் ஒன்றாகக் கலந்து நெஞ்சில் எரிந்தன.

தொட்டி ஐப்பசியில் தயாரானது. அகலமான ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டி, மேலே கண்ணாடி. கோவை மொட்டைமாடியில் அரைநாளில் வெளுத்த அதே தண்ணீர், இங்கே ஒரு வாரமாகியும் அசையவில்லை. காரணம் சிக்கலானதில்லை. மழை விட்டால் பனிமூட்டம், பனிமூட்டம் விட்டால் மழை. வெளிச்சமே இல்லாத இடத்தில் வெளிச்சத்தைத் தின்னும் பொடி பட்டினி கிடந்தது. தொட்டித் திறப்பு விழாவைத் தள்ளிவைக்கலாம் என்று அவள் ஜஸ்டஸிடம் மன்றாடினாள்.

"பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லியாச்சு, உணவுப் பாதுகாப்பு ஆபீசர்கூட வர்றார், ஓனருக்கு வேண்டியவர்தான். கமலேஷ் சமாளிச்சுக்கிறேன்னு சொல்லியிருக்கார். நீ நல்ல சேலை கட்டிட்டு வா," என்றார் அவர்.

விழா அன்று ஃபேக்டரி முற்றத்தில் பந்தல். ஏலம் விடும் கூடம்போல நாற்காலிகள். முன்னால் வெள்ளைத் துணி விரித்த மேசையில் இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்றில் ஓடைத் தண்ணீர், செம்பழுப்பாக. இன்னொன்றில் 'சுத்திகரித்த' தண்ணீர். பளிங்குபோல.

கோகிலவாணி இரண்டாவது ஜாடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவளுடைய பொடி அடியில் படியவே வெகுநேரமாகும். தொட்டியிலிருந்து எடுத்த எந்தத் தண்ணீரும் லேசான மஞ்சள் கலங்கலோடுதான் இருக்கும். மல்லுக்கட்டின காலமெல்லாம் அந்தக் கலங்கலை வடிகட்டத்தான் அவள் பாதி உயிரை விட்டிருந்தாள். இந்த ஜாடியில் கலங்கல் துளியும் இல்லை. ஆபீசில் குடிப்பதற்கு வைத்திருக்கும் கேன் தண்ணீர்.

ஜஸ்டஸைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கணத்தில் அவளுக்குள் என்ன ஆயிற்றென்று பிற்பாடு பலர் கேட்டார்கள். பொய்க்குத் தன் பெயரைக் கொடுத்தார்கள் என்பதுகூட அல்ல. இவ்வளவு நாள் உழைத்த உழைப்பு, அப்பாவின் வெடித்த கை, எதுவுமே இவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு கேன் தண்ணீர் போதுமானதாக இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

கமலேஷ் மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். "நம்ம ஊரு பொண்ணு, நம்ம ஃபேக்டரித் தொழிலாளியோட மகளுங்க..."

அவள் மேசையை விட்டு விலகி, பேக்கிங் ரூமுக்குள் போனாள். வேலை நிறுத்திவைத்திருந்ததால் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். தைக்காமல் கிடந்த சாக்கில் கையை விட்டு ஒரு பிடி தூளை அள்ளினாள். பேக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியம்மா, "ஏ புள்ள, அத எங்க எடுத்துட்டுப் போற?" என்று பின்னாலேயே ஓடி வந்தாள்.

கோகிலவாணி மேசைக்குத் திரும்பி, அந்தப் பிடித் தூளைப் பளிங்கு ஜாடிக்குள் போட்டாள்.

டீத்தூள் பச்சைத் தண்ணீரில் உடனே இறங்காது. கொஞ்ச நேரம் மிதக்கும், பிறகு நனையும், நிறம் மெல்லத்தான் வரும். இதில் தூள் தண்ணீரைத் தொட்டதும் ஆரஞ்சு இழைகள் புகை மாதிரி சுருண்டு சுருண்டு அடிவரைக்கும் இறங்கின. கமலேஷ் பேச்சை நிறுத்தினான். முன்வரிசையில் யாரோ செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

"இது சுத்திகரிச்ச தண்ணி இல்ல. குடிக்கிற கேன் தண்ணி," என்றாள் அவள். மைக் இல்லாமலே குரல் பந்தலின் கடைசிவரை போனது. "என் பொடி இந்தப் பனியில வேல செய்யல. செய்யலன்னு இவங்களுக்குத் தெரியும். ஓடைக்குச் சாயம் வர்றது டீ கழுவி இல்ல. நீங்க குடிக்கிற தூள்ல இருந்து. ஆபீசர் சார், சாம்பிள் எடுக்கிறதுன்னா இப்பவே எடுங்க. நாளைக்கு அந்தச் சாக்கு இங்க இருக்காது."

அத்தனை கேமராவுக்கு முன்னால் அந்த அதிகாரிக்கு வேறு வழியில்லை. சாம்பிள் எடுத்தார். சாயங்காலத்துக்குள் ஃபேக்டரிக்குச் சீல் விழுந்தது. படம் வாட்ஸ்அப்பில் மலை முழுக்கச் சுற்றியது.

அவள் ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்தால், அந்த நினைப்பு மறுநாள் பொழுதுவரைகூட நிற்கவில்லை. போலீஸ் வந்து வீரையாவைக் கூட்டிக்கொண்டு போனது. கமலேஷ் எழுதிக் கொடுத்திருந்தான்: பின் அறையில் நடந்தது தனக்குத் தெரியாது, கலந்தது வீரையா, தூளை வெளியில் திருட்டுத்தனமாக விற்பதற்காக அவரே சாயம் வாங்கி வந்திருக்கிறார். கல்லூரியிலிருந்து ஜஸ்டஸ் போன் செய்து, மாணவி தன் அப்பாவின் தப்பை முதலாளி தலையில் போட நாடகமாடியதாகப் பேச்சு வந்திருக்கிறது என்றார்.

"யாரு சார் அப்படிப் பேசுறாங்க?"

"பேசிக்கிறாங்க."

"அந்த ஜாடியில என்ன தண்ணின்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

லைன் துண்டானது. அவள் போனைப் படுக்கைமேல் எறிந்தாள். அம்மா ஒரு மூலையில் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மகளைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

கோகிலவாணி வெளியே போனாள். தண்ணீர்க் குழாயடியில் பேக்கிங் பெண்கள் கூடியிருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. இசக்கியம்மா குடத்தை நங்கென்று கீழே வைத்தாள்.

"வாடி மகராசி. எல்லாரு ஊட்டு அடுப்பையும் ஒரே கையில அணைச்சுட்ட. இதுக்குத்தான் ஒன்ன அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வெச்சோமா? எம் புருசன் படுத்த படுக்கையா கெடக்கான். மாத்திரைக்கு யாரு வாசல்ல போயி நிக்கட்டும்? ஒன் வாசல்ல நிக்கட்டுமா?"

"நில்லுங்க," என்றாள் கோகிலவாணி. அவளுக்கும் பொறுமை போய்விட்டது. "என்னைத் திட்டுங்க. அடிக்கக்கூட அடிங்க. ஆனா எங்கப்பா திருடன்னு எழுதிக் குடுத்திருக்காரு உங்க முதலாளி. சாயம் வாங்கினதும் அவராம், வித்ததும் அவராம். முதலாளிக்கு ஒண்ணுமே தெரியாதாம். அதையும் நம்புறீங்களா? இன்னைக்கு எங்கப்பா. நாளைக்குச் சாக்குத் தைச்சவங்க யாருன்னு கேப்பாங்க. அப்ப உங்க பேரு வரும்."

குழாயின் கீழே நின்றிருந்த குடம் நிரம்பி வழிந்து ஓடியது. அதை யாரும் நகர்த்தவில்லை.

"திருடன்னா எழுதினான்?" என்றாள் இசக்கியம்மா மெதுவாக.

"ஆமா."

"சாயம் இருந்த அந்த நீல டிரம்ம அவன் ஜீப்புல இருந்து எறக்குனது நானும் மருதாம்பாளும். 'பதனமுங்க, சிந்தாதீங்க'ன்னு பக்கத்துல நின்னு சொன்னவன் அவன்." அவள் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. "வீரையாண்ணன் ஒரு பிடித் தூள மடியில வெச்சிட்டு வந்து நான் பாத்ததில்ல. அந்த மனுசனையா திருடங்கிறான்?"

மறுநாள் பஸ்ஸில் ஐந்தாறு பெண்கள் கோத்தகிரி ஸ்டேஷனுக்குப் போனார்கள். கோகிலவாணியை அவர்கள் கூப்பிடவில்லை. அவள் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து போனாள். ஸ்டேஷனில், முதலாளியைப் பற்றி யோசித்துப் பேசும்படி ஏட்டு சொன்னபோது இசக்கியம்மா போட்ட சத்தம் மார்க்கெட் வரைக்கும் கேட்டது.

"என்னத்த யோசிக்க? கண்ணால பாத்தத யோசிச்சா சொல்லுவாக? எழுதுங்கய்யா! எறக்குனது நாங்க, ஏவுனது அவன். எங்களையும் சேத்துப் புடிச்சுப் போடணும்னாலும் போடுங்க!"

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீரையா அதைக் கேட்டு எழுந்து நின்றார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், "கலந்தது நான்தான், ஐயா. அத நான் இல்லேன்னு சொல்லல. சொன்னது அவரு. ரெண்டையும் சேத்து எழுதுங்க," என்றார்.

சேர்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. வீரையா ஜாமீனில் வந்தார். கமலேஷ் பேரும் வழக்கில் ஏறியது. அவன் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு கோவையில் உட்கார்ந்துகொண்டான். ஃபேக்டரி சீல் பிரியவில்லை. கொழுந்து போட இடமில்லாமல் சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்கள் வேனுக்குச் செலவழித்துத் தூரத்து ஃபேக்டரிகளுக்கு அலைந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கோகிலவாணி பெயரைச் சொன்னாலே ஆகாது. லயத்துப் பெண்கள் கேரட் அறுக்கவும் கழுவவும் கேத்திப் பக்கம் போனார்கள். வீரையாவும் போனார். குளிர்ந்த தண்ணீரில் கேரட் கழுவிக் கழுவி அவர் கையின் வெடிப்புகள் இன்னும் ஆழமாயின.

கல்லூரியில் ஜஸ்டஸ் ஒரு கட்டுரை எழுதி முடித்திருந்தார். மலையோரத் தேயிலைக் கழிவுநீரில் மஞ்சள் பொடி வெற்றி என்று அதில் ஒரு பத்தி, கூடவே பளிங்கு ஜாடியின் படம். அவள் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தார்.

"என் பேர எடுங்க சார். இல்ல, அந்தப் படத்த எடுங்க," என்றாள். "பனியில வேல செய்யலன்னு எழுதுங்க. நெறம் போனதுக்கப்புறம் மிச்சம் என்ன நிக்குதுன்னு தெரியலன்னு எழுதுங்க."

"தோல்வியை யாரும்மா அச்சுல போடுவாங்க?"

"அப்ப நான் போட்டுக்கிறேன்."

அவள் வழிகாட்டியை மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். அது அவளுக்கு நெடுநாள் பின்னடைவு. புது வழிகாட்டி அவளை முதல் பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னார். தொடங்கினாள். மங்கின வெளிச்சத்திலும் பொடியைப் பசியாற வைக்க முடியுமா என்று அவள் இப்போதும் தேடுகிறாள். சில நாள் கொஞ்சம் வெளுக்கிறது, பல நாள் இல்லை. கோபம் மட்டும் ஒரு நாளும் மங்கவில்லை. கமலேஷ் தன் மச்சான் பெயரில் குந்தாப் பக்கம் ஒரு ஃபேக்டரி பேசி முடித்திருக்கிறான் என்று கேள்விப்பட்ட அன்று, அவள் கையிலிருந்த பீக்கரை லேப் தரையில் போட்டு உடைத்தாள், பிறகு பெருக்கினாள்.

தை மாதம் ஊருக்கு வந்தபோது ஒரு நாள் கேத்திப் பக்கம் போகும் காலை பஸ்ஸில் ஏறினாள். கட்டபெட்டில் கேரட் வேலைக்குப் போகும் கூட்டம் ஏறியது. இசக்கியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோகிலவாணி ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம்விட்டாள். இசக்கியம்மா அவளைப் பார்க்கவில்லை. இரண்டு வளைவு தாண்டின பிறகு, வேறு வழியில்லாத மாதிரி, உட்கார்ந்தாள். குழாயடியில் பேசின அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

பஸ் மேடேறி மூச்சு வாங்கியது.

"வாய்தா என்னைக்கு?" என்றாள் இசக்கியம்மா, எதிர் சீட்டைப் பார்த்தபடி.

"வர்ற வியாழக்கிழமை."

"ஒன்னய இன்னும் எனக்குப் பிடிக்கல. அத மனசுல வெச்சுக்க."

"சரிக்கா."

"வியாழக்கிழமை நான் வேலைக்கு லீவு சொல்லிட்டு வாரேன். மருதாம்பாளையும் இழுத்துட்டு வாரேன். அந்தப் பயலோட வக்கீல் என்னத்தக் கேக்கான்னு நானும் பாக்கேன்."

அவள் மடியிலிருந்த கேரட் அரிவாளை இறுக்கிப் பிடித்திருந்தாள். கோகிலவாணி அந்தக் கையைப் பார்த்தாள். பஸ் கோர்ட்டைத் தாண்டும்போது அந்தக் கட்டடத்தை இருவரும் ஒன்றாகத் திரும்பி முறைத்தார்கள்.